துணியும் துணிவும்

ஆடையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் சிலவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். துணிக்கப்பட்டது துணி. துண்டிக்கப்பட்டது துண்டு. அறுக்கப்பட்டது அறுவை. வேட்டி என்னும் சொல்லையும் 'வெட்டு' என்னும் வினையோடு இயைத்துப் பொருள் காண்பார் உளர். தறியில் இடையறாது வளர்ந்து வரும் நெசவு, அறுத்தெடுக்கப்பட்ட பின்னரே மாந்தர் உடுக்கும் பொருளாகிறது. சிலப்பதிகாரம் மதுரை மாநகரின் வீதிகளைக் காட்டுமிடத்து அறுவை வீதியையும் காட்டுகிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் புலவரின் பாடல்கள் அகநானூற்றிலும் நற்றிணையிலும் குறுந்தொகையிலும் இடம்பெற்றுள்ளன. துணியை அளந்து விற்ற கையே தமிழையும் அளந்து பாடியது என்பது நம் இலக்கியத்துக்கு ஒரு பெருமையன்றோ?

வெட்டுண்டதற்கு இத்தனை பெயர்களைச் சூட்டிய மொழி, வெட்டுண்டவற்றை இணைப்பதற்கும் சொற்களை வைத்திருக்கிறது. தைத்தலுக்குத் துன்னம் என்பது பழம்பெயர். புகார் நகரத்துத் தொழிலாளரிடையே துன்னகாரரையும் இளங்கோவடிகள் மறவாது குறிப்பிடுகிறார். இவற்றையெல்லாம் வகுப்பறையில் பன்முறை நான் எடுத்துக் கூறியதுண்டு. எனினும், வெட்டுதலும் இணைத்தலும் ஒருவர் வாழ்வில் எத்துணை ஆழமான பொருளுடையவை என்பதை 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தோழியர் ஐவருடன் தமிழகத்துக்கு மேற்கொண்ட ஒரு துணிப் பயணமே எனக்கு விளக்கிக் காட்டியது. அதனை இங்கு எழுத விழைகிறேன்.

ஈப்போ நகரின் தென்கிழக்கே, சுண்ணாம்புக்கல் குன்றுகளின் அடியில் அமைந்தது குனோங் ராபாட். சாம் போ தோங் குகைக் கோயிலுக்கு வருவோரும், சாலையோரத்துப் பம்பளிமாசுப் பழக்கடைகளில் வண்டியை நிறுத்துவோரும் இவ்வூரை அறிவர். ஈயச் சுரங்கங்களை நம்பி வந்தோரும், கல்லுடைக்கும் தொழிலுக்கு வந்தோரும், இரப்பர்த் தோட்டங்களைவிட்டு வெளியேறி வந்தோரும் கலந்து வாழ்ந்த இடம் இது. இங்கே கிழமைக்கு ஒருநாள் பிற்பகலில் நாங்கள் அறுவர் கூடி ஒட்டுப்போர்வை தைப்பது வழக்கம். பல நிறத் துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி அமைத்து, நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பை இட்டு, கீழே அடித்துணி வைத்து, மூன்றும் பிரியாவண்ணம் ஓட்டுத் தையல் இடுவதே அக்கலை. அறுவரில் நால்வர் தமிழர், ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர்.

இக்கலையை மேலைநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துத்தான் நாங்கள் தொடங்கினோம். ஆனால், தொடங்கிய சில திங்களிலேயே ஒவ்வொருவர் வீட்டிலும் இதன் வேர் இருந்ததை அறிந்துகொண்டோம். மலாய் மரபில் துண்டுத் துணிகளை வடிவொழுங்குடன் இணைக்கும் வேலைப்பாட்டுக்குத் 'தம்பல் செரிபு' என்று பெயர். ஆயிரம் ஒட்டு என்பது பொருள். சீனர் மரபில், பிறந்த குழந்தைக்காக நூறு குடும்பங்களிடம் துணித் துண்டுகளைக் கேட்டுப் பெற்றுப் போர்வை தைக்கும் வழக்கமுண்டு. நூறு வீட்டாரின் நல்வாழ்த்தும் குழந்தையைக் காக்கும் என்பது நம்பிக்கை. நம் தமிழ் வீடுகளிலோ, அம்மாவின் பழஞ்சேலை முதலில் தூளியாகும்; பின்னர் நான்காக மடித்துத் தைத்த விரிப்பாகும்; அதற்கும் பின்னர் கரித்துணியாகும். வங்காளத்தில் இவ்வகைப் போர்வையைக் காந்தா என்று போற்றி உலகெங்கும் விற்கின்றனர். நாம் அதற்கு ஒரு தனிப்பெயரும் வைத்தோமில்லை.

பெயர் வைக்காததற்குக் காரணம் உண்டு. தோட்டத்து லயங்களில் ஒட்டுத் துணி வறுமையின் அடையாளமாக இருந்தது. 1941ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் துணிப் பஞ்சம் கடுமையாக நிலவியது. சாக்கை உடுத்தியோர் பலர். சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் பலர் மாற்றுத் துணியின்றியே அக்காட்டில் மாண்டனர். அக்காலத்தைக் கடந்து வந்த தாய்மார்க்கு ஒட்டுப் போட்ட துணி அழகுப் பொருளாகத் தோன்றுமா? எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா ஒருவர் இதனைத் தம் தாயின் வழக்கத்தால் விளக்குவார். வீட்டுக்கு விருந்தினர் வந்தால், தைத்த போர்வையைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கடையில் வாங்கிய ஒரே ஒரு விரிப்பை மேலே போடுவாராம் அந்தத் தாய்.

இந்த அக்காவின் பொருட்டே எங்கள் பயணம் தொடங்கியது. அவர் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பதினான்கு வயதில் தாயோடு மரம் வெட்டச் சென்றவர். வெளியூரார் இச்சொல்லைக் கேட்டு மரத்தைச் சாய்ப்பதாக எண்ணிவிடக் கூடாது. பால்மரத்தின் பட்டையைச் சீவிப் பாலெடுப்பதையே தோட்டத்தார் மரம் வெட்டுதல் என்பர். அவருடைய தாயிடம் நல்ல நாளுக்கென்று அரக்குச் சிவப்பில் வெண்புள்ளிகள் இட்ட சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது. சம்பள நாளில் மிதிவண்டியில் தோட்டத்துக்கு வரும் துணிக்காரரிடம் தவணையில் வாங்கியது அது. தாய் மறைந்தபின் மகளிர் நால்வரும் அச்சேலையை நான்காகக் கிழித்துப் பகிர்ந்துகொண்டனர். தம் பங்கைப் பல்லாண்டு பெட்டியில் வைத்திருந்த அக்கா, பேத்திக்காகத் தைக்கத் தொடங்கிய போர்வையின் நடுக்கட்டத்துக்கு அதனைப் பயன்படுத்தினார். கட்டம் நிறைவு பெற ஒரு சாண் துணி போதவில்லை. அந்த ஒரு சாணுக்காக ஈப்போவின் லிட்டில் இந்தியா கடைகளிலும் பினாங்கிலும் தேடினார். கிடைக்கவில்லை. "மதுரைக்குப் போனா கிடைக்கும் டீச்சர்" என்று ஒருநாள் அவர் சொன்னதும், மற்ற ஐவருக்கும் தத்தம் துணித் தேவைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துவிட்டன.

ஈப்போவிலிருந்து விரைவு ரயிலில் கோலாலம்பூர். அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேர வானூர்திப் பயணத்தில் திருச்சிராப்பள்ளி. காலையில் குனோங் ராபாட்டில் பசியாறிவிட்டுப் புறப்பட்டோர் இரவு உணவைக் காவிரிக் கரையில் உண்ண முடிகிறது. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்குவதற்கு ஒரு வாரமேனும் கடலில் கழித்தனர். 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் முதியோர் முகம் மாறும். அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுற்றது. அக்காவின் தாய் கப்பலில் வந்தவர், திரும்பிச் செல்லாதவர். அவர் உடுத்திய சேலையின் துண்டு மட்டும் அக்காவின் கைப்பையில், வெள்ளைத் துணியில் பொதிந்து, வானூர்தியில் திரும்பிச் சென்றது.

திருச்சியில் ஒருநாள் தங்கி உறையூருக்குச் சென்றோம. முற்காலச் சோழரின் தலைநகரான உறையூர், மெல்லிய பருத்தித் துணிக்கும் பெயர் பெற்றிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிபுளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் அர்காரு என்னும் ஊரின் மெல்லாடையைக் குறிக்கிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலர் கருத்து. அங்கே கைத்தறிச் சேலைகளைத் தொட்டுப் பார்த்த மலாய்த் தோழி, நூலின் நெருக்கத்தை விரல்நுனியால் அளந்து, தம் போர்வையின் அடித்துணிக்கென்று வெளிர்நிறச் சேலைகள் இரண்டை எடுத்துக்கொண்டார். ஊசி எளிதில் நுழைய வேண்டும், நூல் விலகவும் கூடாது. போர்வை தைப்போர் துணியைத் தேர்வது இக்கணக்கில்தான். கண்ணுக்கு அழகாய் இருப்பது அடுத்தபடியே.

மதுரையில் நாங்கள் முதலில் சென்றது புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய மண்டபம் அது. தூண்களில் நாயக்க மன்னரின் சிலைகள். தூண்களின் இடையே வரிசையாகத் தையற்பொறிகள். கல்லில் நிற்கும் அரசரின் காலடியில் அமர்ந்து, ஒரு மணி நேரத்தில் சட்டை தைத்துக் கொடுக்கும் தையற்காரரை நாங்கள் கண்டபொழுது, துன்னகாரர் என்னும் பழஞ்சொல் உயிரோடு எழுந்து வந்தது போலிருந்தது. அக்கடைகள் பின்னர் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. ஆதலால் அக்காட்சியை இனி அம்மண்டபத்தில் காண இயலாது. எங்கள் சீனத் தோழிக்குத் தமிழ் தெரியாது. அவர் தரையில் கிடந்த வெட்டுத் துண்டுகளைச் சுட்டிக் காட்டி, இரு கைகளையும் இணைத்துத் தைப்பது போல் சைகை செய்தார். முதிய தையற்காரர் ஒருவர் சிரித்தபடியே ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தார். பணம் நீட்டியபொழுது வாங்க மறுத்துவிட்டார். அன்று எங்களுக்குக் கிடைத்த துணிகளுள் விலையற்றது அதுவே, இரு பொருளிலும்.

அடுத்து நுழைந்த துணிக்கடையில் நடந்த உரையாடலை அப்படியே எழுதுகிறேன்.

"சேலை பாக்குறீங்களாம்மா, ஜாக்கெட் துணியா?"

"ரெண்டும் இல்ல தம்பி. ஒவ்வொரு நிறத்துலயும் அரை மீட்டர் வெட்டிக் குடுங்க" என்றார் அக்கா.

"அரை மீட்டர்ல என்னம்மா தைப்பீங்க? ஒரு ஜாக்கெட்டுக்குக்கூடப் பத்தாதே."

"போர்வை தைப்போம்."

அந்த இளைஞர் மேசை மீதிருந்த துணிக்கட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "போர்வைக்குத்தான் முழுத் துணியே இருக்குதேம்மா. நல்ல துணிய வெட்டி, அப்புறம் ஒட்டுவானேன்?"

எங்களுள் யாரும் உடனே விடை சொல்லவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் தாய்மார் துணி இல்லாமையால் ஒட்டினர். நாங்களோ கடல் கடந்து வந்து, புதுத்துணியை விலை கொடுத்து வாங்கி, அதை வெட்டி ஒட்டுகிறோம். வறுமை செய்த வேலையை வசதி வந்தபின் பொழுதுபோக்காகச் செய்வது பொருந்துமா? இளைஞர் முகஞ்சுளிக்காமல் பதினெட்டு நிறங்களில் அரை மீட்டர் வீதம் வெட்டிக் கொடுத்தார். செட்டிநாட்டுக் கண்டாங்கியின் அகன்ற கட்டங்கள், மயிற்கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள் எனப் பைகள் நிறைந்தன. அவர் கேட்ட கேள்வி மட்டும் எங்களோடு தெருவில் இறங்கி நடந்து வந்தது.

சுங்குடியைத் தேடி மறுநாள் காமராசர் சாலையை அடுத்த சந்து ஒன்றுக்குச் சென்றோம். மதுரைச் சுங்குடியைப் பெயர்பெறச் செய்தவர்கள் சௌராட்டிர சமூகத்தார். நாயக்கர் ஆட்சிக் காலத்தில் மதுரையில் நிலைபெற்ற இம்மக்கள் தம் முன்னோரின் தாயகத்தைச் சௌராட்டிரம் என்பர். வீட்டில் தம் மொழியையும் வெளியில் தமிழையும் பேசுவர். ஊர்விட்டு ஊர் வந்து, கைத்தொழிலையும் மொழியையும் காத்துக்கொண்ட மக்கள் என்ற முறையில், மலேசியத் தமிழராகிய நமக்கு அவர்கள் ஒருவகையில் உறவினரே. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005ஆம் ஆண்டு கிடைத்தது.

சுங்குடி செய்யும் முறையை அங்கே நேரில் கண்டோம். வெள்ளைத் துணியை மடித்து, புள்ளி வரவேண்டிய இடங்களை நகநுனியால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றிக் கட்டுகின்றனர். ஒரு சேலைக்கு இத்தகைய கட்டுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். பின்னர் துணி சாயத்தில் தோய்க்கப்படுகிறது. கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்தபின் கட்டை அவிழ்த்தால் சிறு வெண்புள்ளிகள் மலர்கின்றன. கையால் கட்டிய புள்ளிகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. மெழுகாலும் அச்சாலும் இடப்படும் புள்ளிகளோ யாவும் ஒன்று போலவே இருக்கும். இக்காலத்தில் சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றுள் பெரும்பாலானவை இவ்வகையினவே. கட்டு வேலையைப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே செய்கின்றனர். கூலி, கட்டி முடித்த வேலையின் கணக்குப்படி கிடைக்கிறது. அக்கூலியைக் கேட்டறிந்த அக்கா, "எங்க தோட்டத்துலயும் பாலை நிறுத்துத்தான் காசு. மழை பெஞ்சா அதுவும் இல்ல" என்றார். கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பாலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது; மழைநாளில் சாயம் காயாதென்பது மட்டும் தெரியும். இருவர்க்கும் அது போதுமானதாக இருந்தது.

அவ்வீட்டு முதியவரிடம் அக்கா தம் பொதியை அவிழ்த்துக் காட்டினார். அவர் அத்துண்டை வாசலுக்கு எடுத்துச் சென்று வெளிச்சத்தில் பிடித்தார். புள்ளிகளின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

"கையால கட்டுனதும்மா. இந்தச் சாயம் இப்ப யாரும் போடுறதில்ல. இதே மாதிரி அச்சுல எடுத்துத் தரச் சொல்றேன். பக்கத்துல வச்சா வித்தியாசம் தெரியாது. ஆனா அது வேற, இது வேற. சொல்லிட்டேன்."

அன்றிரவு விடுதியில் எங்களிடையே ஒரு விவாதம் எழுந்தது. மலாய்த் தோழி, அச்சுத் துணியை வாங்கிப் பொருத்திவிடலாம் என்றார். தம்பல் செரிபின் அழகு வடிவொழுங்கில் உள்ளது. நடுக்கட்டத்தில் நிறம் மாறினால் போர்வை முழுதும் கண்ணை உறுத்தும் என்பது அவர் வாதம். சீனத் தோழி மறுத்தார். நூறு வீட்டுத் துணியில் தைக்கும் போர்வையில் ஒரு துண்டு மற்றொரு துண்டைப் போல் இருந்தால் அது நூறு வீடாகுமா என்று அவர் வினவினார். தமிழ்த் தோழியருள் ஒருவர், குறையை அப்படியே விட்டுவிட்டுக் கட்டத்தைச் சிறிதாக்கிக்கொள்ளச் சொன்னார். தாயின் துணியோடு வேறெதையும் சேர்க்க அவருக்கு மனமில்லை. மூன்றிலும் பொருள் உண்டென்பதை நான் உணர்ந்தேன். ஒன்று அழகைக் கருதியது. ஒன்று உறவைக் கருதியது. ஒன்று தூய்மையைக் கருதியது. அக்கா ஒன்றும் பேசாமல் தம் துண்டை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உறங்கச் சென்றார்.

மறுநாள் காலையில் அவர் மீண்டும் அந்தச் சந்துக்குப் போக வேண்டுமென்றார். நானும் உடன் சென்றேன். அச்சுத் துணியை அவர் கேட்கவேயில்லை. கையால் கட்டிய, கிளிப்பச்சை நிறத்துச் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்தார். சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள தொலைவை நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சேலையைக் கட்டிய பெண் இன்னார் என்று கேட்டு, அவள் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்பொழுது காரணத்தைக் கேட்டேன்.

"எங்கம்மா சேலை எந்த இடத்துல முடியுதுன்னு பேத்திக்குத் தெரியணும் டீச்சர். ஒரே நிறமா வச்சிட்டா அது தெரியாமலே போயிரும். பச்சையப் பாத்தா, இது ஏன் பாட்டின்னு கேப்பா. கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

துணிக்கடை இளைஞரின் கேள்விக்கு விடை இதுவே என்று எனக்குப் பட்டது. முழுத் துணி குளிரைப் போக்கும். அதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது. ஒட்டிய துணியோ எங்கு அறுந்தது, யார் இணைத்தார், எதனால் இணைத்தார் என்பவற்றைத் தன்மேல் எழுதி வைத்திருக்கிறது. ஒட்டை மறைக்கும் வேலை ஒரு திறமை. ஒட்டைத் தெரியவைக்கும் வேலைக்குத் துணிவு வேண்டும். விருந்தினர் முன் போர்வையை மறைத்த தாயின் மகள் அத்துணிவை எய்துவதற்கு ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. துணி என்னும் அடிச்சொல்லிலிருந்தே துணிவும் பிறந்தது என்பதைத் தமிழாசிரியர்க்கு நான் நினைவூட்ட வேண்டுவதில்லை.

இதனையொத்த வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் ஓரிடத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்களுள் பலர்க்குத் தோட்ட முதலாளியின் குடிப்பெயரான பெட்வே என்பதே இன்றும் குடிப்பெயர். அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலையுடைகளைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைத்தனர். மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி, கணவர் இறந்தபின் 1942இல் அவருடைய வேலையுடைகளையே வெட்டிப் போர்வையாக்கினார். அப்போர்வைகள் 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. தோட்டத்துப் பெண்களின் தையல் ஒரு நாட்டின் கலைச்செல்வமாக ஏற்கப்பட்டது. நம் தோட்டத்துத் தாய்மார் தைத்த போர்வை ஒன்றையேனும் எந்த அருங்காட்சியகத்திலும் நான் கண்டதில்லை. அவை கரித்துணியாகி அடுப்படியில் முடிந்தன.

போர்வைகள் மட்டுமா அவ்வாறு முடிந்தன? 1950களிலும் 1960களிலும் வெளிநாட்டு நிறுவனங்கள் தம் தோட்டங்களைச் சிறு சிறு பகுதிகளாக விற்றன. அதனைத் தோட்டத் துண்டாடல் என்று நம் மக்கள் அழைத்தனர். துண்டு என்னும் சொல் தமிழர் காதில் அவ்வளவு கசப்பாக ஒலித்த காலம் வேறில்லை. வேலை போயிற்று, வேலையோடு லயத்து வீடும் போயிற்று, பள்ளியும் கோயிலும் ஆளற்று நின்றன. 1969இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபொழுது பலர் இந்தியாவுக்கே திரும்பினர். ஒரே குடும்பத்தில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்தனர். அக்காவின் குடும்பம் சுங்கை சிப்புட்டைவிட்டுக் குனோங் ராபாட்டில் குடியேறியதும் இத்துண்டாடலின் விளைவே. அவருடைய தந்தை கல்லுடைக்கும் வேலைக்குப் போனார். தாய் வீட்டு வேலைக்குப் போனார்.

துண்டாடலுக்கு எதிராக ஒட்டும் வேலையும் நடந்தது என்பதை மறத்தல் கூடாது. அதே சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறு சிறு தொகையாகச் செலுத்திய பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதே அதன் நோக்கம். ஒருவர் கொடுத்த பணம் ஒரு மரத்துக்கும் போதாது. பலர் கொடுத்தது தோட்டமாயிற்று. மரப்பட்டையில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலைத் தோட்டத்தார் வீசியெறிவதில்லை; உரித்தெடுத்துச் சேர்த்து நிறுத்துக் காசாக்குவர். சிறுதுண்டையும் சேர்த்தால் பயனாகும் என்னும் பாடத்தை அம்மக்கள் எவரிடமும் சென்று கற்க வேண்டியிருக்கவில்லை.

ஊர் திரும்பியபின் எங்கள் முதல் வேலை துணிகளை நனைப்பதாக இருந்தது. புதுத்துணியை நனைக்காமல் தைத்தால், முதல் சலவையில் ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறும். ஒன்று சுருங்க மற்றொன்று இழுபடும். 1958ஆம் ஆண்டு சென்னைக் கட்டத்துணி இதனால் ஒரு விந்தையான புகழை அடைந்தது. நியூயார்க்கின் பெயர்பெற்ற ஆடை நிறுவனம் ஒன்று அத்துணியில் தைத்து விற்ற உடைகள் சலவையில் சாயம் விட்டன. வாங்கியோர் சினந்தனர். விளம்பரக்காரரோ, சாயம் ஓடுவதே இதன் சிறப்பு, ஒவ்வொரு சலவைக்கும் புதுநிறம் என்று கூறி அக்குறையையே விற்பனைப் பொருளாக்கிவிட்டனர். எங்களுக்கு அத்தகைய சாமர்த்தியம் இல்லை. கிளிப்பச்சைச் சுங்குடியைத் தனி வாளியில் ஊறவைத்து, நீர் தெளியும் வரை ஒன்பது முறை அலசினார் அக்கா. பழைய சிவப்பின் மேல் புதிய பச்சை ஏறிவிடக் கூடாது என்பதில் அவர் காட்டிய கவனம் பெரிது. இணைந்திருத்தல் வேறு, ஒன்றில் ஒன்று கரைந்துபோதல் வேறு. பல இனத்தார் கூடி வாழும் நாட்டில் மொழியையும் மரபையும் காக்க முயலும் நமக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும்.

அந்தப் பச்சைச் சேலையில் ஒரு சாண் மட்டுமே போர்வைக்குப் போயிற்று. எஞ்சியதை ஐந்தாகப் பகிர்ந்து எங்கள் ஐவருக்கும் அளித்தார். எங்கள் அறுவர் வீட்டுப் போர்வைகளிலும் இன்று அப்பச்சை ஓரிடத்தில் உண்டு. தையற்காரர் கொடுத்த வெட்டுத் துண்டுகளைக் கொண்டு சீனத் தோழி தம் பேரனுக்குப் போர்வை தைத்தார். மதுரையில் யார் யார் உடலிலோ சட்டையாக இருக்கும் துணிகளின் மிச்சம், குனோங் ராபாட்டில் ஒரு சீனக் குழந்தையைப் போர்த்தியிருக்கிறது.

போர்வை தைப்போரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் அடித்துணியின் ஒரு மூலையில் சிறு வெள்ளைத் துண்டு ஒன்றைத் தைத்து, அதில் தைத்தவர் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதுவர். இதனைத் தமிழ் மாணவர்க்கு ஒரு பயிற்சியாகவே நாம் அளிக்கலாம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பாட்டியின் சேலை, தாத்தாவின் துண்டு, அம்மாவின் முதல் பள்ளிச் சீருடை ஆகியவற்றைப் பற்றி யாருடையது, எங்கு வாங்கியது, எந்தத் தோட்டத்தில் உடுத்தியது என்று கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லலாம். கேட்பதற்கு ஆள் இருக்கும்பொழுதே கேட்க வேண்டும். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. அவற்றின் பெயர்கள் மாணவர் ஏட்டிலாவது நிற்கட்டும்.

அக்காவின் போர்வை மூலையில் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று, அரக்குச் சிவப்புச் சேலையை உடுத்திய தாயின் பெயர். அதன் கீழே அவர் மரம் வெட்டிய தோட்டத்தின் பெயர். மற்றொன்று, பச்சைச் சேலைக்குப் புள்ளி கட்டிய மதுரைப் பெண்ணின் பெயர். தம் பெயரை அவர் எழுதவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதற்கு, "என் பேரு பேத்திக்குத் தெரியும், தெரியாத பேரைத்தானே எழுதி வைக்கணும்" என்றார்.